ஆலங்காட்டுச் செப்புத்திருமேனியும் ஆராய்ச்சியாளர் மயக்கமும்

தகடூரெனப் பழம்பெயர் பூண்ட தருமபுரியினின்று சென்னை செல்லும் எளிய சைவரொருவர், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துட் புகுந்து, திருவாலங்காட்டினின்று வந்த நடராசப் பெருமானது செப்புத்திருமேனியைக் காண்பாராயின், கைகூப்பாது அகலார். விரிசடையும் திருவாசியும் இன்றி நிற்பினும், தூக்கிய திருவடி ஒன்றே அவர்க்குப் போதியது. பிராஞ்சு நாட்டுச் சிற்பி ரோதேன், நிழற்படங்களை மட்டுமே கண்டு வியந்தெழுதிய உரை 1921-இல் வெளிவந்தது. இத்திருமேனியின் புகழும் கடல்கடந்து பரந்தது. ஆயின், அச்சைவர் ஊர் மீண்டு கலைநூல்களை விரிப்பாராயின், தாம் வணங்கிய பொருள் அதன்கண் இல்லையென்னும் விடையே பெறுவர்.

அங்ஙனம் உரைப்பார் இருதிறத்தார். ஒருசாரார், "திருமேனி 11-ஆம் நூற்றாண்டினது, ஐந்தொழிற் பொருள் கூறும் உண்மை விளக்கமோ 13-ஆம் நூற்றாண்டினது, ஆதலின் அப்பொருள் பிற்காலத்தார் ஏற்றியது" என்பர். மற்றொருசாரார், "இஃது அணுக்களின் ஓயா ஆட்டத்தைக் காட்டும் குறி" என்பர். 1975-இல் காப்ரா வெளியிட்ட நூலாலும், 2004-இல் செனீவாவை அடுத்த செர்ன் அணுவாய்வு நிலையத்தில் இந்திய அரசு வழங்கிய நடராசர் சிலை நிறுவப்பெற்றமையாலும் இக்கொள்கை வலுப்பெற்றது.

முன்னையோர் கூறும் ஆண்டுக்கணக்குப் பிழையன்று. அதனின்று கொண்ட முடிபே பிழை. நூல் எழுந்த நாளே பொருள் பிறந்த நாளாமோ? இத்திருமேனி கிடைத்த ஆலங்காடு எத்தகைய ஊர்? சோழப் பேரரசு எழுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் இருக்க வேண்டி, அவன் ஆடலைப் பாடிய ஊர். அவ்வூர்க்குச் சிறந்தது ஊர்த்துவ தாண்டவம்; இத்திருமேனியோ தில்லைக்குரிய ஆனந்த தாண்டவக் கோலத்தது. அக்கோலத்துத் தூக்கிய திருவடியை நாவரசர் 7-ஆம் நூற்றாண்டிலேயே பாடியருளினார். திருமந்திரத்து ஒன்பதாந் தந்திரமும் கூத்தின் உறுப்புக்களோடு ஐந்தொழிலை இயைத்துரைக்கும். மனவாசகங்கடந்தார் அவ்வழிவந்த பொருளை வினாவிடையாக வகுத்தருளினாரேயன்றிப் புதிது புனைந்தாரல்லர். பாடலை நீக்கிச் செம்பை மட்டும் எடைபோடுவார்க்கு அது புதிதாகத் தோன்றுதல் வியப்பன்று.

பின்னையோர் பிழை இதனினும் பெரிது. ஆனந்த குமாரசாமி இக்கூத்தின் பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய கட்டுரை, 1912-இல் சித்தாந்த தீபிகை என்னும் சைவ இதழில் வெளிவந்தது. உண்மை விளக்கத்தை ஆதாரமாகக் கொண்டது. அதனின்று ஆட்டத்தை எடுத்துக்கொண்டார் திருவடியை விட்டுவிட்டனர். அணு சடம், மாயையின் காரியம். அதற்குக் கட்டும் இல்லை, வீடும் இல்லை. துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், அனலில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் காட்டி இறைவன் ஆடுவது யார்பொருட்டு? மலத்தாற் கட்டுண்ட உயிர்பொருட்டன்றோ? உயிரை விடுத்தால் அருளுக்கு இடமில்லை. அருளை விடுத்தால் ஏனைய நான்கும் பயனற்ற சுழற்சியே.

சிற்பத்தின் எழிலும், அறிவியலார் கண்ட ஒப்புமையும் பழிக்கத்தக்கன அல்ல. அவையே முழுப்பொருள் என்பதே மறுக்கத்தக்கது. தகடூரிலிருந்து வந்த அச்சைவர் நூற்றாண்டுக்கணக்கு அறியார், அணுநூலும் அறியார். எனினும் அவர் கண்கள் முதலிற் சென்று பற்றியது எடுத்த திருவடியை. அத்திருமேனியை வார்த்தவரும் அதனை நோக்கியே வார்த்தனர்.