பயந்தவன் அவிசுவாசியா?

விசுவாசம் உள்ளவனுக்குப் பயமே வராது, வந்தால் அது அவிசுவாசம் என்று வாதிடுகிறவர்கள் வேதத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் பேசுகிறார்கள். கொரிந்துக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததைப் பவுலே தன் நிருபத்தில் எழுதியிருக்கிறார். கெத்செமனேயில் இயேசு பட்ட வியாகுலத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே மறைக்கவில்லை. 1956 ஜனவரியில், அமெரிக்காவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பின் நடுவே, இரவில் வந்த தொலைபேசி மிரட்டலுக்குப் பின், அதை முன்னின்று நடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஜெபித்தார். பயந்துபோனேன், தெம்பு தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதுதான் அந்த ஜெபம். சில நாட்களில் அவர் வீட்டின்மேல் குண்டு வீசப்பட்டது. கொதித்துத் திரண்ட தன் மக்களை அவர் அமைதியாகக் கலைந்துபோகச் சொன்னார். ஆபத்து துளியும் குறையவில்லை. பயம் சொன்னபடி அவர் நடக்கவில்லை, அவ்வளவே. அன்றாட வாழ்வில் பயத்தை வெல்வது என்றால் வேறென்ன?

அன்பு பயத்தை விரட்டும் என்கிற யோவானின் முதல் நிருபத்தைக் காட்டி மறுப்பார்கள். அந்தப் பகுதி பேசுவது நியாயத்தீர்ப்பையும் தண்டனையையும் பற்றிய பயத்தை. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் படபடப்பை அல்ல. புயலில் சீஷர்களை இயேசு கடிந்துகொண்டாரே என்பார்கள். கடிந்துகொண்டார்தான். ஆனால் மாற்கு எழுதிய வரிசையில், அலறி எழுப்பியவர்களுக்காக அவர் முதலில் காற்றை அடக்குகிறார். கடிந்துகொள்ளும் கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. நடுங்குகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் விசாரணை நடத்தும் நம் பிரசங்கிகள் இந்த வரிசையை எங்கே தொலைத்தார்கள்?