கண்ணாடியும் கருவிழியும்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று எட்டாம் வகுப்பு மாணவி எழுதியது. மணலை உருக்கித்தான் கண்ணாடி செய்கிறார்கள் என்றால், மணல் மறைப்பதைக் கண்ணாடி மட்டும் எப்படிக் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு நல்ல கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு பொருள் ஒளியை மறைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒளியை விழுங்கிவிடுவது. பொருளுக்குள் நுழையும் ஒளி எலக்ட்ரான்களைச் சந்திக்கிறது. எலக்ட்ரான் கிடைத்த ஆற்றலையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. அடுத்த நிலைக்கு ஏறப் போதுமான ஆற்றல் வந்தால்தான் வாங்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல், எலக்ட்ரான்வோல்ட் என்ற அலகில், சுமார் 1.8 முதல் 3.1 வரை. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவின் எலக்ட்ரான்களுக்கோ ஏறத்தாழ 9 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். அதனால் அவை ஒளியைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. தனிமமான சிலிக்கனுக்கு 1.1 போதும், ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அது விழுங்கிவிடுகிறது. ஆனால் ஆற்றல் குறைந்த அகச்சிவப்புக் கதிர் சிலிக்கனைத் தாராளமாகக் கடந்துபோகும். உலோகங்களில் எலக்ட்ரான்கள் கட்டின்றி அலைவதால், வந்த ஒளியை அவை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

இரண்டாவது வழி, ஒளியைச் சிதறடிப்பது. மணல் செய்வது இதைத்தான். சுத்தமான ஒரு மணல் துகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதுவும் கண்ணாடிபோலவே இருக்கும். குவியலாகும்போது துகளுக்கும் காற்றுக்கும் இடையே ஆயிரமாயிரம் எல்லைகள் வந்துவிடுகின்றன. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. கடைசியில் திசை தெரியாமல் கலைந்துபோகிறது. உப்பும் பனியும் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். மணலை உருக்கினால் இடையிலிருந்த எல்லைகள் மறைந்து, ஒளிக்கு நேர்வழி கிடைத்துவிடுகிறது.

உருக்காமலும் இதைச் சாதிக்கலாம். பஜ்ஜி மடித்து வந்த தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் பின்பக்கத்து எழுத்து இடவலம் மாறித் தெரியும். தாளின் நாருக்கு ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, சுமார் 1.5, காற்றுக்கு 1. நாருக்கு நடுவே இருந்த காற்றை விரட்டிவிட்டு உட்கார்ந்த எண்ணெய்க்கு 1.47. வித்தியாசம் குறைந்ததும் சிதறலும் குறைந்துவிட்டது. 2024இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே தத்துவத்தை உயிருள்ள எலியிடம் சோதித்தார்கள். உணவுக்கு மஞ்சள் நிறமூட்டும் டார்ட்ரசின் கரைசலைத் தோலில் தடவியதும், உள்ளுறுப்புகளின் அசைவு வெளியே தெரிந்தது. கழுவியதும் தோல் பழையபடி ஆனது. மனிதரிடம் சோதிக்கப்படாத முறை இது. மாணவர்கள் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

எலியின் தோலுக்குச் சாயம் தேவைப்பட்டது. எந்தச் சாயமும் இல்லாமல் ஒளிக்கு வழிவிடும் சதை நம் எல்லோரிடமும் இருக்கிறது. கருவிழியைப் போர்த்தியிருக்கும் கார்னியாதான் அது. அதைச் சுற்றியுள்ள வெள்ளை விழியும் கார்னியாவும் கொலாஜன் என்ற ஒரே புரத இழைகளால் ஆனவை. வெள்ளை விழியில் இழைகள் தடித்தும் மெலிந்தும் தாறுமாறாகக் கிடக்கின்றன. கார்னியாவிலோ எல்லாம் ஏறக்குறைய 30 நானோமீட்டர் தடிமன். இடைவெளியும் ஏறத்தாழ ஒரே சீர். இந்த ஒழுங்கினால் பக்கவாட்டில் சிதறும் ஒளி தன்னைத்தானே ரத்து செய்துகொள்கிறது, நேரே போகும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது என்று 1957இல் டேவிட் மாரிஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்தத் திசுவுக்குள் ரத்தக் குழாய்கூடக் கிடையாது. உள்பக்கம் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் ஓயாமல் நீரை வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன. அவை ஓய்ந்தால் கார்னியா ஊறி, இழைகளின் வரிசை குலைந்து, பார்வை மங்கிவிடும். இழந்த செல்களை நம் உடல் மறுபடி உருவாக்கித் தருவதில்லை.

அப்படிப் பார்வை இழந்தவர்களுக்கு நம்பிக்கை தருவது இன்னொருவரின் கார்னியாதான். 1905இல் எட்வார்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலில் அதை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். இன்று அது வழக்கமான சிகிச்சை. குறைவாக இருப்பது தானமாக வரும் கண்கள்தான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் கடைப்பிடிக்கிறோம். கண்ணாடி அணிபவர், சர்க்கரை நோயாளி, புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோரும் கண்தானம் செய்யலாம். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்திருந்தால் போதும்.

கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. உயிர் பிரிந்ததும் கண் வங்கியை அழைக்க வேண்டியவர்கள் நம் வீட்டார்தான். ஆகவே உங்கள் விருப்பத்தை இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.