7 மில்லியன் மிட்ஃபீல்டர்: மடியைப் பார்த்து மயங்கலாமா?

இங்கிலாந்தின் ப்ரீமியர் லீக் நடத்தும் ஃபேன்டஸி கால்பந்தில் பணக்காரர், ஏழை என்ற பேச்சே இல்லை. லண்டன் கோடீஸ்வரருக்கும் ஓசூர் சிப்காட் அப்ரன்டிஸுக்கும் ஒரே பட்ஜெட்தான்: 100 மில்லியன் பவுண்டு. எல்லாம் கற்பனைப் பணம். அதற்குள் 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு என 15 பேரை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. நிஜ மைதானத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து உங்களுக்குப் புள்ளிகள் வரும்.

மத்திகிரி, ஓசூர் பக்கம் இந்த விளையாட்டு புதிதல்ல. தினமும் பெங்களூரு போய் வருபவர்கள் இருக்கிறார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அறையில் ஒருவர் கேரளாக்காரர் என்றால் போதும், மற்றவர்களின் போனிலும் இந்த ஆப் ஏறிவிடும்.

ஆடுபவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் திணறுவார்கள். 12, 14 மில்லியன் நட்சத்திரத்தை வாங்குவதில் குழப்பமில்லை. அவரைக் கேப்டன் ஆக்கினால் புள்ளி இரண்டு மடங்கு. பெஞ்சில் உட்காரப் போகும் 4.5 மில்லியன் ஆளை வாங்குவதிலும் குழப்பமில்லை. நடுவில் இருக்கும் 6.5 முதல் 8 மில்லியன் மிட்ஃபீல்டர்தான் தலைவலி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் அளவுக்குப் பெரிய பெயரில்லை. தப்பானால் போகட்டும் என்று விடும் அளவுக்கு மலிவும் இல்லை.

சந்தையில் கேட்கும் கேள்வி

1824-ல் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கும் ஊர் மத்திகிரி. மாடு வாங்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய உண்டு. சந்தையில் ஒரு பழைய தந்திரத்தை அவர்கள் சொல்வார்கள். விற்பவர் ஒரு வேளை பாலைக் கறக்காமலே மாட்டை ஓட்டிவருவார். மடி புடைத்து நிற்கும். விவரம் தெரியாதவர் மடியைப் பார்த்து விலை பேசுவார். தெரிந்தவரோ பல்லைப் பிடித்துப் பார்ப்பார், எத்தனையாவது ஈத்து என்று கேட்பார், முடிந்தால் தானே ஒரு வேளை கறந்து பார்ப்பார்.

ஃபேன்டஸியில் 'போன வாரம் 15 புள்ளி' என்பது அந்தப் புடைத்த மடி. நடுத்தர விலை மிட்ஃபீல்டரை எடைபோட அது போதாது. வேறு நான்கு கேள்விகள் இருக்கின்றன. முழு ஆட்டமும் ஆடுகிறாரா? மைதானத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்? பெனால்டி, ஃப்ரீ கிக் அவரிடம் வருகிறதா? அதே பணத்துக்கு வேறு யார் கிடைப்பார்?

2024 ஆகஸ்ட்: எம்பூமோ வேண்டுமா?

ஒரு நிஜ உதாரணம் பார்ப்போம். 2024-25 சீசன் தொடங்கியபோது ப்ரென்ட்ஃபோர்டு அணியின் பிரையன் எம்பூமோ 7 மில்லியனுக்குக் கிடைத்தார். அசல் நடுத்தர விலை.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய சீசனில் கணுக்கால் காயத்தால் மாதக்கணக்கில் ஆடவில்லை. 25 லீக் ஆட்டங்கள், 9 கோல்கள். ப்ரென்ட்ஃபோர்டு பெரிய அணியும் இல்லை.

வேண்டும் என்று சொல்லவும் காரணம் இருந்தது. முதலாவது, இடம். ஆப்பில் அவர் பெயர் மிட்ஃபீல்டர் பட்டியலில். மைதானத்திலோ கோல் அடிக்கும் முன்வரிசையில். ஃபார்வர்டு அடிக்கும் கோலுக்கு 4 புள்ளி, மிட்ஃபீல்டர் அடித்தால் 5. எதிரணி கோலே போடாவிட்டால் மிட்ஃபீல்டருக்கு மேலும் 1 புள்ளி. ஃபார்வர்டுக்கு அது கிடையாது. ஒரே வேலைக்கு இவருக்கு மட்டும் கூடுதல் கூலி.

இரண்டாவது, பெனால்டி. ப்ரென்ட்ஃபோர்டில் பெனால்டி அடித்துவந்தவர் இவான் டோனி. அந்த ஆகஸ்ட் இறுதியில் அவர் சவூதியின் அல்-அஹ்லி கிளப்புக்குப் போனார். பொறுப்பு எம்பூமோவிடம் வந்தது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதும் பக்கத்து ஆளுக்குப் பொறுப்பு கிடைப்பது போலத்தான். ஆள் அதே ஆள். வேலை மாறிவிட்டது. ஆப்பில் விலை மட்டும் பழைய வேலைக்கான விலையாகவே இருந்தது.

அந்த சீசனில் எம்பூமோ 38 லீக் ஆட்டங்களிலும் ஆடினார். 20 கோல்கள். 236 ஃபேன்டஸி புள்ளிகள்.

அதே சீசனில் லிவர்பூலின் முகமது சலா 12.5 மில்லியனில் தொடங்கி 344 புள்ளி எடுத்தார். கணக்குப் போட்டால் ஒரு மில்லியனுக்கு சலா தந்தது 27.5 புள்ளி. எம்பூமோ தந்தது 33.7. இதைப் பார்த்து 'சலா வேண்டாம்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சலா கேப்டன் ஆனால் புள்ளி இரட்டிப்பாகும். களத்தில் 11 பேருக்குத்தான் இடம் என்பதால் ஓர் இடத்துக்கு எவ்வளவு புள்ளி என்பதும் முக்கியம். எம்பூமோ போன்றவரின் பயன் வேறு. அவர் மிச்சப்படுத்தித் தரும் பணத்தில்தான் சலாவையே வாங்க முடியும்.

2025: அதே ஆள், வேறு கணக்கு

2025 ஜூலையில் எம்பூமோ மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு மாறினார். ஃபேன்டஸி விலை 8 மில்லியன் ஆனது. பெரிய கிளப், புதிய ஜெர்சி. உடனே வாங்கிவிடலாமா?

அதே நான்கு கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். யுனைடெட்டில் பெனால்டி என்றால் முதல் பெயர் புரூனோ ஃபெர்னாண்டஸ். ஆக, அந்த வருமானம் போயிற்று. எம்பூமோ கேமரூன் நாட்டு வீரர். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை ஆப்பிரிக்கக் கோப்பை. சீசன் நடுவில் அவர் கிளப்புக்கு இல்லாத வாரங்கள் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். முன்வரிசையில் ஆடும் சாதகம் அப்படியே இருந்தது. ஆனால் விலை 1 மில்லியன் கூடுதல். ஆட்டக்காரர் மோசமாகிவிடவில்லை. 7 மில்லியனில் யோசிக்காமல் வாங்கியவரை 8 மில்லியனில் யோசித்துத்தான் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் கோல் பால்மர். 2023-24 தொடங்கும்போது மான்செஸ்டர் சிட்டியில் அடிக்கடி பெஞ்சில் இருந்தவர். விலை 5 மில்லியன். செப்டம்பர் 1 அன்று செல்சிக்குப் போனார். அங்கே பெனால்டி பொறுப்பு கிடைத்தது. லீக்கில் 22 கோல்கள் அடித்தார். அதில் 9 பெனால்டி. மொத்தம் 244 புள்ளி. இங்கேயும் மாறியது வேலைதான்.

ஆஸ்திரேலியக் கால்பந்து ஃபேன்டஸியிலும் இதே பாடம் உண்டு. அங்கே ஒரு உதைக்கு 3, கையால் தட்டிவிடும் பாஸுக்கு 2, எதிராளியை மடக்கிப் பிடித்தால் 4 எனப் புள்ளிகள். பந்து அதிகம் கைக்கு வரும் மிட்ஃபீல்டர்தான் ராஜா. அதனால் அங்குள்ள ஆட்டக்காரர்கள் போன வாரப் புள்ளியோடு நிற்பதில்லை. ஆட்டம் தொடங்கும் நடுவட்டத்தில் யார் எத்தனை முறை நின்றார்கள் என்று எண்ணுகிறார்கள். மலிவான ஒருவருக்குத் திடீரென அந்த இடம் கிடைத்தால், விலை ஏறும் முன் வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு டீ நேரப் பேச்சு

டீக்கடையில் சீனியரும் ஜூனியரும் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"ணா, போன வாரம் ரெண்டு கோல் போட்டிருக்கான். எடுத்துடலாமா?"

"எத்தனை நிமிஷம் ஆடினான் தம்பி?"

"கடைசி அரை மணி நேரம்தான் இறங்கினான்."

"யாருக்குப் பதிலா?"

"அடிபட்டவனுக்குப் பதிலா. அந்த ஆளு அடுத்த வாரம் வந்துடுவானாம்."

"அப்போ நீ வாங்கப் போறது ஆளையா, அந்த ரெண்டு கோலையா? அந்தக் கோல் போன வாரத்தோட முடிஞ்சிடுச்சுப்பா."

ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான் இலவசம். கூடுதலாக ஒருவரை மாற்றினால் 4 புள்ளி கழியும். பயன்படுத்தாத மாற்றங்களை 5 வரை சேர்த்துவைக்கலாம். அவசரப்பட்டு வாங்கி, மறுவாரமே விற்பவருக்கு இரட்டை நஷ்டம். விலை ஏறிய பின் விற்றாலும் லாபத்தில் பாதிதான் கைக்கு வரும்.

செகண்ட் ஷிப்ட்காரர்கள் கவனிக்க

வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே அணி பூட்டப்படும். சனிக்கிழமை ஆட்டம் இங்கிலாந்து நேரப்படி பகல் 12.30 என்றால், நமக்குக் கெடு மாலை 3.30. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் குளிர்காலத்தில் 4.30. மதியம் 2 மணிக்கு உள்ளே போய், போனை லாக்கரில் வைப்பவர்கள் கிளம்பும் முன்பே அணியைச் சரிசெய்துவிட வேண்டும். வெள்ளி இரவு ஆட்டம் இருந்தால் கெடு முந்தைய இரவே முடிந்துவிடும்.

புள்ளி போனால் போகட்டும், சம்பளம்?

இந்த விளையாட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தோற்றால் போவது புள்ளி மட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸியின் கதையை இந்த எல்லைப் பகுதி நேரில் பார்த்திருக்கிறது. கர்நாடகா கொண்டுவந்த தடைச் சட்டத்தால் 2021 அக்டோபரில் ட்ரீம்11 அங்கே சேவையை நிறுத்தியது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அத்திப்பள்ளியில் ஓடாத ஆப், ஜூஜுவாடியில் ஓடியது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. இப்படிப் பண விளையாட்டு நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

ஆப் நின்றாலும் ஆசை நிற்பதில்லை. 'ஆளுக்கு 500 போடுங்க, ஜெயிச்சவருக்கு மொத்தமும்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் வரும் அழைப்பும் பந்தயம்தான். அங்கே பணம் ஏமாற்றப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பல்லும் பார்க்காமல் ஈத்தும் கேட்காமல், முகம் தெரியாதவரிடம் மாடு வாங்குவதற்குச் சமம் அது.

உங்கள் அணியில் இப்போது ஒரு 7 மில்லியன் மிட்ஃபீல்டர் இருக்கிறாரா? அவர் கடைசி மூன்று ஆட்டங்களில் எத்தனை நிமிடம் ஆடினார், எங்கே நின்றார், பெனால்டி யார் அடித்தார் என்று மட்டும் இன்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மூன்றில் இரண்டுக்குப் பதில் நன்றாக இருந்தால், போன வாரம் அவர் 2 புள்ளிதான் எடுத்தார் என்றாலும் விற்க அவசரப்படாதீர்கள்.