நூறு வாட் எதற்கு?

போன வாரம் என் பழைய சக ஊழியர் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமமும் வாங்கிவிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது ரேடியோவில் பாட்டுக் கேட்பது அல்ல. நாமே செட் வைத்து, எங்கோ இருக்கும் இன்னொரு ஹாமோடு பேசுவது.

"அண்ணே, கம்யூட்டேஷன் பணம் வந்திருக்கு. நூறு வாட் செட்டு ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். ஐக்காம் நல்லதா, யாயிசு நல்லதா?" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டைமாடி எத்தனை அடி நீளம்?" என்று கேட்டேன். செட்டைப் பற்றிக் கேட்டால் மாடியைப் பற்றிக் கேட்கிறானே என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். 2010இல் ஓய்வு பெற்றேன். மறு வருஷமே நூறு வாட் செட் வந்தது. 13.8 வோல்ட்டில் முழு சக்தியில் பேசினால் 20 ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று தனியாக ஒரு பவர் சப்ளை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவில் கரை கடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. இன்வர்ட்டரில் செட்டைப் போடலாம். ஆனால் படுக்கையில் இருந்த என் அம்மாவின் ஃபேனுக்கும் ராத்திரி விளக்குக்கும் அது ஒன்றுதான் கதி. ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து இணைத்தேன். மாடியில் அறுந்து கிடந்த கம்பியையும் எப்படியோ கட்டினேன். 7 மெகாஹெர்ட்சில் யாரோ தமிழில் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. பதில் சொல்லலாம் என்று மைக்கை அழுத்தினால், பவரைக் குறைத்து வைத்தும் வோல்ட் இறங்கி, செட் அணைந்துபோனது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. ஹாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் 'புயலுக்கு, வெள்ளத்துக்கு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். புயல் வந்த அன்று ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது மைக்ரோ பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்தது. போர்டாக வரும், பெட்டியில் நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். கீழ் அலைவரிசைகளில் பத்து வாட் வரை தரும், மேலே போகப்போகக் குறையும். நம் வீடுகளில் இரவில் எரிந்த பழைய 'ஜீரோ வாட்' பல்பே இதைவிட அதிகம் தின்னும்! யு.பி.எஸ்.ஸில் இருக்குமே, அந்தச் சின்ன 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அது போதும், ஒரு பகல் ஓடும்.

பத்து வாட்டில் என்ன கேட்கும் என்பீர்கள். கணக்கு இதுதான். எதிர்முனையில் நம் குரலின் பலத்தை 1 முதல் 9 வரை ஒரு அளவில் சொல்வார்கள். சக்தியை நாலில் ஒரு பங்காக்கினால் அதில் ஒரு படிதான் இறங்கும். நூறு வாட்டில் 9 என்றால் 25 வாட்டில் 8, ஆறு வாட்டில் 7. அந்த இரண்டு படிக்காகத்தான் அவ்வளவு பணமும் 20 ஆம்பியரும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் பிரெஞ்சில்தான். வாத்தியார் ரேடியோவை 'தே எஸ் எஃப்' என்பார், கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். பெட்டியைவிட ஆந்தேன் முக்கியம், அதாவது ஏரியல், என்று அவர் சொன்னது அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. 143ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1க்கு 20 மீட்டர், நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து. சாதாரணச் செப்புக் கம்பி போதும். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் இணைப்புகள் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும், பற்றவைத்து டேப் நன்றாகச் சுற்ற வேண்டும். செட் வாங்குவதற்கு முன்னால், பேட்டரியில் ஓடும் ஒரு சிற்றலை ரேடியோவை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மாடிக்குப் போய்க் கேளுங்கள். எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தால் எந்த ஜப்பான் செட்டும் உங்களைக் காப்பாற்றாது.

குறைந்த சக்தியில் எல்லாம் சுகம் என்றும் சொல்லமாட்டேன். ராத்திரி நெரிசலில் பத்து வாட்டில் குரலில் பேசுவது சந்தைக்குள் நின்று ரகசியம் சொல்வது மாதிரி. தினமும் நண்பர்களோடு அரட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஷியேகு ஜி90 போல இருபது வாட் செட் நிம்மதி. மோர்ஸ் தெரிந்தால் ஐந்து வாட்டே ராஜபோகம். ஒரு மாலை அப்படித்தான் ரியூனியன் தீவு கிடைத்தது, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எதிரில் இருந்தவர் 'பொன்ழூர்' என்பதைப் 'பி ஜே ஆர்' என்று சுருக்கி அடித்தார். பள்ளிக்கூடம் விட்டபின் அந்த பாஷையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் பேசியதில்லை. சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கையடக்க வாக்கி-டாக்கியை வாங்கிவிட்டுப் பாரிஸ் கேட்கவில்லையே என்று வருபவர்களும் உண்டு. அது கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத்தான்.

இதையெல்லாம் சொன்னேன். நண்பர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "நூறு வாட்டைக் குறைச்சு வெச்சுக்கலாமே அண்ணே" என்றார். ஸ்கூட்டர் பேட்டரி கதையை மறுபடி சொன்னேன். அவர் மனைவிதான், "முதல்ல கம்பியைக் கட்டுங்க, பெட்டி அப்புறம் பார்ப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் அளந்தேன். மாடி 52 அடி. நடுவில் 20 அடி இரும்புக் குழாய் நட்டு இரண்டு பக்கமும் சரித்து இறக்கினாலும் 58 அடி வேண்டும். ஒரு முனை பக்கத்து வீட்டுக் கைப்பிடிச்சுவர் மேல்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரரோ போன வருஷம் முருங்கைக் கிளை விஷயத்தில் இவரோடு பேச்சை நிறுத்தியவர். முதலில் அவரிடம் போக வேண்டும். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.