உறைமாவுக்கு வம்சாவளி எதற்கு?

சவர்டோ எனப்படும் புளிமாவு ரொட்டியை வீட்டில் சுடுவோரிடையே ஒரு குலப்பெருமை தலைதூக்கியிருக்கிறது. மாவும் நீரும் கலந்து புளிக்கவைத்த உறைமாவுதான் அந்த ரொட்டிக்கு உயிர். அது எத்தனை ஆண்டுப் பழமையானது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதே இன்று முதற்கேள்வியாகிவிட்டது. நூறாண்டு கண்டது என்ற முத்திரையோடு, உலர்த்திய உறைமாவு பொட்டலமாக விலைக்கும் வருகிறது. சென்ற வாரம் மாவு கலந்தவரோ தம் ஜாடியை வெளியே காட்டவே கூசுகிறார். இப்பெருமை பொய்ப்பெருமை என்பதே நம் கட்சி.

பழமை பேசுவோர் காட்டும் முதற்சான்று சான் பிரான்சிஸ்கோ. அங்குள்ள பூடின் ரொட்டிக்கடை, தன் தாய்மாவு 1849 முதல் அறுபடாமல் வருவதாகச் சொல்கிறது. சொல்லட்டும், நாம் கணக்கைப் பார்ப்போம். 20 கிராம் உறைமாவை வைத்துக்கொண்டு, 40 கிராம் மாவும் 40 கிராம் நீரும் சேர்க்கிறோம். பழையது ஐந்தில் ஒரு பங்காகிறது. நாள்தோறும் இவ்வாறே செய்துவந்தால், பத்து நாளில் தொடக்கத்து மாவின் பங்கு ஏறக்குறைய கோடியில் ஒன்று! இதில் 1849ஐ எங்கே தேடுவது?

மாவு மாறினால் என்ன, நுண்ணுயிர்கள் வழிவழியாக வருகின்றனவே என்பர். நேர்மையான எதிர்வாதந்தான். ஆனால் 1971இல் சான் பிரான்சிஸ்கோப் புளிமாவில் இனங்காணப்பட்டு, அந்நகரின் பெயரையே பெற்ற பாக்டீரியா, பின்னர் ஐரோப்பியப் புளிமாவுகளிலும் காணப்பட்டது. நான்கு கண்டங்களின் 500 உறைமாவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ஊருக்கும் நுண்ணுயிர்ப் பன்மைக்கும் தொடர்பு காணவில்லை. பல நாட்டு ரொட்டிக் கலைஞர்கள் ஒரேவகை மாவில் உருவாக்கிய உறைமாவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வோ, பிசைந்தவர் கையிலுள்ள உயிரிகளுக்கும் உறைமாவில் பங்குண்டு என்று காட்டியது. நம் கையும் நாம் இடும் மாவும் செய்யும் வேலையைப் பாட்டனார் பெயரில் எழுதுவது என்ன நியாயம்?

புதிதாகத் தொடங்குவது அரிய வித்தையன்று. தவிடு நீக்காத கோதுமை மாவு 50 கிராம், நீர் 50 கிராம், கலந்து மூடிவைக்கவேண்டும். நாள்தோறும் பெரும்பகுதியை நீக்கிவிட்டுப் புதுமாவும் நீரும் இடவேண்டும். இரண்டு மூன்று நாளில் குமிழி பொங்கும். அது பெரும்பாலும் முந்திக்கொண்ட பாக்டீரியாக்களின் ஆரவாரம். பிறகு அடங்கிவிடும். செத்துவிட்டதென்று பலரும் கொட்டிவிடுவது இக்கட்டத்தில்தான். புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்டும் நிலைபெறுகின்றன. ஒன்றிரண்டு வாரத்தில், மாவிட்ட சில மணிநேரத்தில் இருமடங்காக எழும்பினால் ரொட்டிக்கு ஆயத்தம். பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்து வாரமொருமுறை மாவிட்டால் போதும்.

அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கிய நம் தாய்மார் அதன் வம்சாவளியைக் கேட்டதுண்டா? தயிர் உறைந்ததா என்றுதான் பார்த்தார்கள். எத்தனை தலைமுறை கண்ட உறைமாவும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் கெட்டுத்தான் போகும். மரபு, மரபு என்று முழங்கும் நம் இலக்கிய நண்பர்களும் இதைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம். பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசில் நல்ல மாவாக வாங்குங்கள். இன்றே கலந்து வையுங்கள்.