அம்மாவுக்கு எதுக்கு காது மிஷின்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு வீட்டு விசேஷம். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் சொன்னார்: "எண்பது வயசாச்சு. அம்மாவுக்கு அம்பதாயிரத்துக்கு காது மிஷின் எதுக்கு? ஆபீசுக்கா போகப் போறாங்க?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். என்ன பேச்சென்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கேட்டது. நான் மிஷின் போட்டிருந்தேன்.

யார் வீடு என்று கேட்காதீர்கள். பாதி வீடுகளில் இதே பேச்சுதான்.

நானும் யோக்கியன் இல்லை. ஆறு வருஷம் மறுத்தவன். கடைசி பெஞ்ச் கிசுகிசுப்பைக் கரும்பலகையைப் பார்த்தபடியே பிடித்தவன் என்ற கர்வம். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். ஏதோ சொன்னான். கல்யாணச் செய்தி என்று நினைத்துக் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம்பா, கண்டிப்பா வரேன்" என்றேன். அவன் சொல்ல வந்தது, அப்பா இறந்துவிட்டார், பதினாறாம் நாள் காரியம் என்று. என் மனைவி ஓடி வந்து சொல்லும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன். தம்பி, இதைப் படித்தால், அன்று கேட்ட மன்னிப்பை இன்னொரு முறை கேட்கிறேன்.

"காது கேட்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. வயதானால் பெரும்பாலும் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். தமிழ் வாத்தியார் பாஷையில் சொன்னால், உயிரொலிகள் தங்கிவிடும், க, ச, த, ப எல்லாம் நழுவும். சத்தம் வரும், சொல் வராது. அதனால்தான் கத்தினாலும் பயனில்லை.

இப்போது செலவுக்கு வருவோம். என் ஜோடி மிஷின் 48,000 ரூபாய். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 800. ஒரு பேட்டரி எனக்குப் பத்து நாள் வரும். இரண்டு காதுக்கும் மாதம் ஆறு, அதாவது ஓர் அட்டை, 200 ரூபாய். மொத்தம் மாதம் 1,000. வீட்டில் ஆளுக்கொரு போன் வாங்கும்போது "எதுக்கு?" என்று யாரும் கேட்பதில்லையே!

கேட்காமல் இருப்பதற்கும் செலவு உண்டு, அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. டாக்டர் சொன்ன மாத்திரை அளவு தப்புகிறது. பின்னால் வரும் வண்டி தெரிவதில்லை. எல்லாவற்றையும்விட, "சொன்னா புரியாது, விடு" என்று வீடே பேச்சை நிறுத்திவிடுகிறது. ஆபீசுக்குப் போகாதவருக்கு மிச்சமிருப்பதே அந்தப் பேச்சுதானே ஐயா!

"மிஷின் போட்டால் மறதி நோய் வராது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். 2023இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், சேர்ந்த முதியவர்கள் அனைவரையும் மொத்தமாகப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஆனால் ஆபத்து கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்று வருஷத்தில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. அதுவே சின்ன விஷயமில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். இது கண்ணாடி மாதிரி போட்டவுடன் தெளிவு தராது. முதல் மாதம் தட்டு விழுந்தால் இடி, மிக்ஸி போட்டால் தலைவலி. மூளை பழக வேண்டும். மண்டபத்து மேளச் சத்தத்தில் இன்றும் எனக்குத் திண்டாட்டம்தான். பலர் பத்து நாளில் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு "வேஸ்ட்" என்கிறார்கள். மூன்று முறையாவது போய் ஒலி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வாங்கும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சில சமயம் அழுக்கு அடைப்புதான் காரணமாக இருக்கும். திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அன்றே ஓடுங்கள், தாமதித்தால் திரும்பாமல் போகலாம். ஆடியோகிராம் எடுக்காமல் ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு வாங்காதீர்கள், அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகத் தூக்கும். லட்ச ரூபாய் மாடலைக் காட்டி மிரட்டினால் எழுந்து வாருங்கள். போட்டுப் பார்க்க நாள் தருவார்களா, பிறகு சரிசெய்ய தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

பணம் இல்லையா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் இலவசமாகத் தருகிறார்கள்.

வீட்டுப்பாடம்: இந்த மாதம் அம்மாவையோ அப்பாவையோ பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போனவர்கள் கமெண்டில் "உள்ளேன் ஐயா" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

– உங்கள் தமிழ் ஐயா