கண்ணாடி போனது, பழைய லென்சு பிழைத்தது!

காமிரா உலகில் ஒரு பெரிய மாறுதல் நடந்திருக்கிறது. காமிராவுக்குள் இருந்த கண்ணாடியை எடுத்து விட்டார்கள்!

இதனால் யாருக்கு லாபம்? காமிரா கம்பெனிகளுக்கு மட்டும் அல்ல. அலமாரியில் தூங்கிக் கிடந்த பழைய லென்சுகளுக்கும் மறுவாழ்வு கிடைத்து விட்டது.

கண்ணாடி எதற்கு?

பழைய ரகக் காமிராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்சு வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி விடும். அதைப் பார்த்துத்தான் படம் எடுப்பவர் குறி வைப்பார். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டக்' என்று விலகும். படம் பதியும்.

இப்போது அந்த வேலையைச் சிறிய மின்சாரத் திரை செய்கிறது. லென்சு மாற்றக்கூடிய இந்த வகைக் காமிராவை 2008-ம் ஆண்டில் ஜப்பானின் பானசோனிக் கம்பெனி வெளியிட்டது. 2013-ல் சோனி, பெரிய சென்சார் கொண்ட காமிராவைக் கொண்டு வந்தது. 2018-ல் நிக்கானும் கேனானும் அதே வழியில் வந்தன.

இடைவெளியில் ரகசியம்!

கண்ணாடி இருந்தவரை அதற்கு இடம் வேண்டும். ஆகவே லென்சு தள்ளி நிற்க வேண்டியிருந்தது. 1959-ல் வந்த நிக்கான் காமிராவில் இந்தத் தூரம் 46.5 மில்லி மீட்டர். நிக்கானின் புதிய வகையிலோ 16 மில்லி மீட்டர்தான்.

மீதி 30.5 மில்லி மீட்டர் காலி! அந்த அளவுக்கு ஒரு இணைப்பு வளையத்தை வைத்தால் போதும். பழைய லென்சு புதிய காமிராவில் உட்கார்ந்து விடும்.

குட்டைக் கால் நாற்காலியைக் கட்டை வைத்து உயர்த்தலாம். நெட்டைக் காலை என்ன செய்வது? அதனால்தான் புதிய லென்சைப் பழைய காமிராவில் மாட்ட முடிவது இல்லை.

சுழலும் இலைகள்

மாஸ்கோ அருகே உள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த 'ஹீலியாஸ் 44' என்ற லென்சு இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனியின் 'பயோடார்' லென்சைப் பின்பற்றிப் பிறந்தது அது. சோவியத் காலத்தில் சாதாரண மக்களின் காமிராவோடு விற்கப்பட்டது.

இன்று பல நாட்டுக் காமிராப் பிரியர்கள் அதில் எடுத்த படங்களை ஒருவருக்கு ஒருவர் காட்டி மகிழ்கிறார்கள். முகம் தெளிவாக இருக்கும். பின்னால் உள்ள இலைகள் சுழல்வது போலத் தெரியும்!

ஆனால் படத்தைப் பார்த்ததும் பணத்தை எடுத்து விடக் கூடாது. லென்சின் துவாரத்தை முழுதும் திறக்க வேண்டும். பின்னால் இலையும் ஒளியும் இருக்க வேண்டும். தூரமும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் சுழல் வராது.

இன்னொன்று. பழைய லென்சில் மின்சாரத் தொடர்பு கிடையாது. எந்த லென்சு, எவ்வளவு துவாரம் என்பதைக் காமிரா குறித்து வைக்காது. எடுத்தவரே எழுதினால்தான் உண்டு. ஒருவருடைய லென்சு சுத்தமாக இருக்கும். மற்றொருவருடையதில் பூஞ்சை பிடித்திருக்கும். ஆகவே, விவரம் எழுதாத படம் அழகான படம்தான். நம்பத்தக்க சாட்சி அல்ல.

பூட்டு யார் கையில்?

செல்போன் வந்த பிறகு காமிரா விற்பனை சரிந்து விட்டது. 2010-ல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2024-ல் அது சுமார் 85 லட்சம்தான். வாங்குபவர் குறையக் குறைய, இருப்பவரைத் தன்னிடமே கட்டி வைக்கக் கம்பெனிகள் விரும்புவது இயற்கை.

அதற்குப் பூட்டு, லென்சு மாட்டும் வாய். சோனி 2011-ல் தன் வாயின் அடிப்படை விவரங்களை மற்ற லென்சுக் கம்பெனிகளுக்குக் கட்டணம் இல்லாமல் தருவதாக அறிவித்தது. கேனானோ பூட்டை இறுக்கியே வைத்திருந்தது. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் அதன் அனுமதியுடன் லென்சுகளை அறிவித்தன. அவையும் சிறிய சென்சார் காமிராக்களுக்கு உரியவை!

பழைய லென்சுக்கு இந்தப் பூட்டு இல்லை. அதில் இருப்பது உலோகமும் கண்ணாடியும்தான். போகசைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். குறித்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டப் புதிய காமிராவின் திரை இருக்கிறது.

காமிரா சில ஆண்டுகளில் பழையதாகி விடும். நல்ல லென்சு தலைமுறை தாண்டி நிற்கும். ஆகையால், குடும்பத்துக்குக் காமிரா வாங்கப் போகிறவர், "இதில் எத்தனை மெகாபிக்சல்?" என்று மட்டும் கேட்டுத் திரும்பி விடக் கூடாது.

"இதில் யார் யார் செய்த லென்சை மாட்டலாம்?" முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்!